மாநகர வாழ்வும் மருதநில வாழ்வும்

மனிதன் கூடி வாழும் இயல்பினன். ஆயின் எத்துணைப் பேர் கூடினால் அது ஊர், எத்துணைப் பேர் கூடினால் அது நெரிசல் என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. புதுவை மாநிலத்துப் பாகூரில் பிறந்து, பிழைப்பின் பொருட்டுச் சென்னை மாநகரில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து, இன்று மீண்டும் பிறந்த மண்ணிற்கே திரும்பியுள்ள எமக்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் ஆண்டுதோறும் எம்மை நாடி வந்து, "ஐயா, சென்னைக்குப் போகலாமா, ஊரிலேயே ஏதேனும் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்பர். அவர்கட்கு நின்ற நிலையில் ஏதோ ஒரு விடை கூறி அனுப்பியிருக்கிறோம். இம்மலரின் வாயிலாக அவ்விடையைச் சற்று நிதானமாகக் கூற விழைகின்றோம்.

எண்ணும் இடமும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்டத்தில் வாழ்ந்தோர் 46 இலட்சத்திற்கு மேற்பட்டோர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 26,000க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அதே கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுமைக்கும் மக்கள்தொகை ஏறத்தாழ 12 இலட்சத்து 48 ஆயிரம். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2,500 பேர். அதாவது, புதுவையில் ஒருவர் நிற்கும் இடத்தில் சென்னையில் பத்துப்பேர் நின்றனர். வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களின் வயல்வெளியை மட்டும் தனியே எண்ணினால் இவ்வேறுபாடு இன்னும் பெருகும்.

இத்துணை நெருக்கத்திலும் மக்கள் ஏன் சென்னையை நோக்கிச் செல்கின்றனர்? அறியாமையால் என்று கூறுவது ஊரில் இருப்போரின் வீண் பெருமையேயாகும். நெருக்கம் தொழிலைத் தருகிறது. தொழில் மேலும் மக்களைத் தருகிறது. அச்சகம், நூலகம், மருத்துவமனை, நீதிமன்றம், திரைக்கூடம் என ஒன்றையொன்று தாங்கி நிற்பவை பெருநகரில்தான் ஓரிடத்தில் அமைகின்றன. கன்னிமாரா நூலகத்தில் யாம் கழித்த மாலைகளுக்கு ஈடாகப் பாகூரில் எம்மால் எதனையும் காட்டவியலாது. இந்நன்றியை முதற்கண் கூறிவிட்டே மேலே செல்கின்றோம்.

நெருங்கியும் விலகியும்

திருவல்லிக்கேணியில் ஒரு மாடிக் குடியிருப்பில் யாம் வாழ்ந்த காலத்தில், எம் வீட்டுச் சுவருக்கு அப்பால் ஒரு முதியவர் குடியிருந்தார். அவருடைய வானொலி பாடுவது எமக்குக் கேட்கும். எம் வீட்டில் தாளிக்கும் மணம் அவருக்கு எட்டும். ஆயினும் ஐந்தாண்டுகளில் அவர் பெயரை யாம் அறிந்திலோம். ஒருநாள் மாலை படிக்கட்டில் வழக்கத்திற்கு மாறாகப் பல செருப்புகள் கிடப்பது கண்டே அவர் மறைவை உணர்ந்தோம். அன்று எமக்கு ஏற்பட்ட நாணம் இன்றளவும் நீங்கவில்லை.

பாகூரிலோ, கடைத்தெருவிற்குச் சென்று உப்பு வாங்கி வருவதற்குள் நால்வர் வழிமறித்து நலம் வினவுவர். "தம்பி எப்ப வந்தீங்க? அம்மாவுக்குக் கால் வலி தேவலாமா?" என்பர். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சு ஆளுநரே வடம் பிடித்த மரபு உண்டு. இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கின்றார். அதே பேரூரில் 1877இல் எழுந்த லூர்து மாதா திருத்தலமும் உண்டு. சுல்தான்பேட்டைப் பள்ளிவாசலும் உண்டு. தேரோட்டத்திற்கும், மாதா திருவிழாவிற்கும், பெருநாளுக்கும் அதே கடைத்தெருவில்தான் கூட்டம் நெரியும். ஒருவர் வீட்டுத் துயர் மற்றவர் தெருவிற்கு எட்டாமற் போவதில்லை.

ஊரின் மறுபக்கம்

இவ்வளவு கூறியதனால் ஊர்தான் சொர்க்கம் என்று யாம் முழங்குவதாகக் கருதலாகாது. எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் இடத்தில், யார் எத்தெருவினர் என்பதும் அறியப்படுகிறது. எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர், ஊரின் கிழக்கேயுள்ள காலனியைச் சேர்ந்தவர், படிப்பு முடிந்ததும் சென்னைக்குச் சென்றவர் திரும்பவேயில்லை. காரணம் கேட்டபோது, "இங்கே தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் என் தகப்பனார் பெயரைக் கேட்பதில்லை, ஐயா. அது ஒன்று போதும்" என்றார். அவருடைய விடைக்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், கிராமத்தைப் போற்றிப் பாடுவோரைக் கடுமையாக மறுத்து, குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் குடிகொண்ட இடமாகவே அதனைக் காட்டினார். காந்தியடிகளோ கிராமத்தையே நாட்டின் உயிராகக் கண்டார். இருவரும் கண்டது ஒரே கிராமத்தைத்தான். ஆயின் இருவரும் நின்ற தெரு வேறு. பெண்களின் நிலையும் இத்தகையதே. இரவுப் பணி முடிந்து மின்தொடர் வண்டியில் வீடு திரும்பும் பெண் சென்னையில் செய்தியாவதில்லை. ஊரில் மாலை ஏழு மணிக்குமேல் தனியே வரும் பெண்ணை நான்கு திண்ணைகள் கேள்வி கேட்கின்றன. அன்பாக விசாரிக்கும் அதே வாய்தான் பழியும் பேசுகிறது என்பதை நாம் மறத்தல் கூடாது.

ஓர் அறிஞர் கண்ட உண்மை

தூனிசில் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா' என்னும் நூலில் நாட்டுப்புற வாழ்வையும் நகர வாழ்வையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். நாட்டுப்புறத்தாரிடம் ஒருவரையொருவர் தாங்கும் குழுவுணர்வு வலிமையுடன் விளங்குகிறது. நகரத்தின் சொகுசு அவ்வுணர்வைத் தேய்க்கிறது. ஆயினும் கலைகளும் அறிவுத்துறைகளும் மக்கள் பெருகிய நகரங்களிலேயே செழிக்கின்றன. நாட்டுப்புறமே முந்தியது, நகரம் அதிலிருந்து எழுந்தது என்பதும் அவர் முடிபு. அறுநூறு ஆண்டுகட்கு முன் கூறப்பட்ட இக்கருத்து, சென்னைக்கும் பாகூருக்கும் அப்படியே பொருந்துதல் வியப்பிற்குரியது.

நகரம் நாட்டுப்புறத்தின்மீது நிற்கிறது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. பாகூருக்குத் தெற்கே கடலூர் மாவட்டத்திலுள்ள வீராணம் ஏரி, சோழர் காலத்தில் உழவுக்கென வெட்டப்பட்டது. 2004 முதல் அவ்வேரியின் நீர் குழாய்வழி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னை மக்களின் குடங்களில் விழுகிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர்தரும் ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்தது. நள்ளிரவில் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்ற அண்டை வீட்டாரை நினைக்கும்போது, பாகூர் ஏரிக்கரையில் யாம் அமர்ந்திருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பது புலனாகிறது.

இடைப்பட்ட ஒரு வழி

மாநகரமா, சிற்றூரா என்று இருமுனையாக மட்டும் நோக்குவது பொருந்தாது என்பதே எம் கருத்து. வில்லியனூரின் சிறப்பு அது ஊராக இருப்பது மட்டுமன்று. நடுத்தர அளவிலான புதுவை நகரம் அதற்குக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுமாகும். 1898இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு பஞ்சாலைக்குச் சுற்றூர்களிலிருந்து மிதிவண்டியிற் சென்று, மாலையில் வீடு திரும்பி, மறுநாள் விடியலில் வயலையும் பார்த்துக்கொண்ட ஒரு தலைமுறை இங்கு வாழ்ந்தது. அவர்கள் ஊரை இழக்காமல் ஊதியம் பெற்றனர். அவ்வாலை 2020இல் மூடப்பட்டது. ஆலை மூடினால் மிதிவண்டியில் சென்றவன் பேரன் சென்னைப் பேருந்தில் ஏறுவது இயல்பே.

அறிவுத்துறையிலும் இவ்விடைவழி இயலாததன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் இயங்கிய கல்விச்சாலை ஒன்றிற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அன்று கற்போர் பாகூரை நாடி வந்தனர். இன்று பாகூரார் கற்பதற்காகப் பிற ஊர்களை நாடிச் செல்கின்றனர். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. கணிப்பொறியை நகரத்துப் பொருளாகக் கருதிய காலத்தில், நெல் விலையையும் கடல் அலையின் உயரத்தையும் ஊரார் ஊரிலிருந்தே அறிந்தனர்.

அதன் பயனை ஒரு பெருந்துயர் நாள் காட்டிற்று. 2004 டிசம்பர் 26 அன்று, பாகூருக்கு வடகிழக்கே கடலோரத்தில் உள்ள நல்லவாடு மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலை குறித்து எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதனை அறிவித்து மக்களை வெளியேற்றினர். படகுகளும் வீடுகளும் அழிந்தன. ஊரார் உயிர் தப்பினர். செய்தி மாநகரிலிருந்து வந்தது. அதனை உடனே நம்பி ஒருசேர ஓடும் ஒற்றுமை ஊரில் இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். மாநகரும் ஊரும் எவ்வாறு இணைய வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எமக்குத் தெரியவில்லை.

இன்றைய இடர்

ஆயின் இன்று நிகழ்வது யாது? ஊர் நகரத்தின் நன்மைகளைப் பெறாமல் அதன் குறைகளை மட்டும் பெற்றுவருகிறது. புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர் வட்டாரத்தில் நஞ்சை நிலங்கள் மனைகளாகின்றன. வண்ணக் கொடிகளும் எல்லைக்கற்களும் நட்ட வயல்களைக் கடந்தே நாள்தோறும் செல்கின்றோம். மனை வருகிறது, நூலகம் வருவதில்லை. மதில் எழுகிறது, வடிகால் அமைவதில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொணரும் பங்காரு வாய்க்காலும், அதன் கிளைகளும் சென்ற வழியை இன்று வீடு கட்டுவோர் அறியார். நீரோ தன் வழியை மறப்பதில்லை.

2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. 2015 டிசம்பரில் சென்னையில் நேர்ந்ததைச் செய்தித்தாளில் படித்து இரங்கிய நாம், அதே காட்சியை நம் வாயிற்படியில் கண்டோம்.

இதனைக் கேட்க வேண்டிய ஊராட்சி மன்றம் எங்கே? புதுவையில் 1968க்குப் பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் நெடுங்காலம் மறுதேர்தல் நடைபெறவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் கூடிய 178 மக்கட் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். ஒரு நாட்டின் தலைவிதியையே வாக்கால் மாற்றிய மண்ணில், வடிகாலைத் தூர்வாரச் சொல்ல ஓர் உறுப்பினர் இல்லாமற் போனது வருந்தற்குரியது.

மாணவர்க்கு ஒரு சொல்

எனவே எம்மை நாடி வரும் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே. செல்லுங்கள், மாநகரைக் காணுங்கள், அது தரும் கல்வியையும், பெயர் கேளாத அதன் பெருந்தன்மையையும் பெற்றுக்கொள்ளுங்கள். ஆயின் ஊரை விற்றுவிட்டுச் செல்லாதீர்கள். ஊரிலேயே தங்குவோர், தெருவைக் கேட்டு மனிதனை அளக்கும் பழக்கத்தை விடுங்கள். அது நீங்கும் நாளில் எம் நண்பர் போன்றோர் திரும்பி வரக்கூடும். ஏரிக்கும் வாய்க்காலுக்கும், நூலகத்திற்கும் உள்ளாட்சித் தேர்தலுக்கும் குரல் கொடுங்கள். கைக்கெட்டும் தொலைவில் தொழிலும், காதுக்கெட்டும் தொலைவில் அண்டை வீட்டாரும் இருக்கும் வாழ்வே நல்வாழ்வு என்பது முப்பதாண்டுச் சென்னை வாழ்வும் முதுமையின் பாகூர் வாழ்வும் எமக்குக் கற்பித்த பாடம்.

அண்மையில் எம் தெருவில் புதிதாகக் குடிவந்த குடும்பம் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. முதல் நாளே கதவைத் தட்டி அவர்கள் பெயரைக் கேட்டறிந்தோம். திருவல்லிக்கேணியில் செய்யத் தவறியதை இங்கேனும் செய்தோம் என்னும் நிறைவு எமக்குண்டு.