எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாம்’

எங்கள் புளோக்கில் எனக்கு ஒரு வேலை உண்டு. ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது. வீவக கடிதம், பலதுறை மருந்தகக் கடிதம், பள்ளிக் கடிதம் என்று நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அக்கம்பக்கத்து ஆன்ட்டிகள் என்னிடம் நீட்டுவார்கள். சென்ற ஆண்டு ஓர் ஆன்ட்டி நீட்டிய கடிதம் காவல்துறையிடமிருந்து வந்தது. கடையில் பணம் கொடுக்காமல் பொருள் எடுத்ததாக வந்த புகார் குறித்து விசாரிக்க அவருடைய மகனை வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த அண்ணனுக்கு வயது 24. சிறப்புப் பள்ளியில் படித்தவர். பார்த்தால் தெரியாது, கொஞ்ச நேரம் பேசினால் தெரியும். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே “ஆமாம்” என்பார். “சாப்பிட்டீங்களா?” ஆமாம். “இன்னும் சாப்பிடலையா?” அதற்கும் ஆமாம்.

விசாரணைக்குப் போன இடத்தில் மகனுக்கு ஏதாவது பிரச்சினை உண்டா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஆன்ட்டி “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டார். அப்போது வீட்டில் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் உள்ளே தனியாகப் போய், கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கடைசியில் எச்சரிக்கையோடு முடிந்தது.

அந்த ‘ஒன்றுமில்லை’ என்ற ஒரு சொல்லால் அவர் எதை இழந்தார் என்பது பிறகு பல்கலைக்கழகப் பாடம் ஒன்றுக்காகப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

சிங்கப்பூரில் ‘அப்ரோப்ரியேட் அடல்ட்’ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் அல்லது மனநோய் உள்ள ஒருவரிடம் வாக்குமூலம் பெறும்போது, பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருப்பார். 2013இல் பிடோக் காவல் பிரிவில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, 2015இல் மற்ற சட்ட அமலாக்க அமைப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இப்போது அதை மைண்ட்ஸ் அமைப்பு நடத்துகிறது. இளம் சந்தேக நபர்களுக்கான தனித் திட்டம் 2017இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்ட 14 வயது மாணவர் ஒருவர் அன்றே உயிரிழந்தது நாட்டையே உலுக்கியிருந்தது.

அந்தத் தொண்டூழியர் வழக்கறிஞர் அல்லர். சட்ட ஆலோசனை தரமாட்டார். சந்தேக நபருக்காகப் பதிலும் சொல்லமாட்டார். கேள்வி புரிகிறதா, பதற்றம் ஏறுகிறதா, கொஞ்சம் ஓய்வு தேவையா என்று கவனிப்பது அவர் வேலை. கேள்வி புரியவில்லை என்று தெரிந்தால் எளிய சொற்களில் கேட்கும்படி சுட்டிக்காட்டலாம். நடுநிலையானவராக இருக்க வேண்டும் என்பதால் பெற்றோர் அந்த இடத்தில் அமர்வதில்லை.

இது வெறும் ஆறுதலுக்கான ஏற்பாடு என்று நினைத்தால் தவறு. இந்த யோசனை பிறந்த கதையே ஒரு தவறான தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறது. 1972இல் லண்டனில் மேக்ஸ்வெல் கான்ஃபேட் என்பவர் கொல்லப்பட்டார். மூன்று இளையர்கள் போலிசாரிடம் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 18; மனவளர்ச்சியோ எட்டு வயதுக் குழந்தையின் அளவில். ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்ட அவர்களை 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. கொலை நடந்த நேரமே அவர்கள் சொன்னதோடு பொருந்தவில்லை. பிரிட்டனின் 1984ஆம் ஆண்டு காவல்துறைச் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு இடம்பெற அந்த வழக்கு முக்கியக் காரணம். செய்யாத கொலையை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்கிறார்? எதிரில் இருப்பவரைத் திருப்திப்படுத்த, அல்லது சீக்கிரம் வீட்டுக்குப் போக. எங்கள் அண்ணனின் ‘ஆமாமை’ அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

நம் வீடுகளைப் பொறுத்தவரை மொழியும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலம் புரியாதவருக்கு அவருடைய வாக்குமூலம் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டப்பட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். நல்லதுதான். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் வேலை சொற்களை மாற்றுவது. கேட்பவருக்குப் பொருள் ஏறியதா என்று பார்ப்பது வேறு வேலை. வாக்குமூலம், குற்றச்சாட்டு போன்ற சொற்கள் தமிழ் இரண்டாம் மொழியாகப் படித்த எனக்கே ஒரு கணம் யோசித்தால்தான் புரியும். தமிழ் பேசும் தொண்டூழியர் பக்கத்தில் இருந்தால் அந்தத் தயக்கம் முகத்தில் தெரியும்போதே பிடித்துவிடுவார். தொண்டூழியம் செய்யத் துடிக்கும் என் நண்பர்கள் பலர் துணைப்பாட வகுப்பு எடுக்கிறார்கள், கடற்கரையைச் சுத்தம் செய்கிறார்கள். இப்படியொரு வேலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

சட்டம் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. சிறைக்குப் பதில் கட்டாய சிகிச்சை உத்தரவு பிறப்பிக்க நீதிமன்றங்களுக்கு 2011 முதல் வழி உண்டு. அதன் உச்சவரம்பு 24 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மனநோய் குற்றத்துக்குக் காரணமாக இருந்ததா, சிகிச்சையால் குணம் கிடைக்குமா என்று மனநல மருத்துவர் அறிக்கை தர வேண்டும். உத்தரவை ஒழுங்காக முடித்தவரின் குற்றப்பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். வேலை தேடும் 20 வயதுக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

2024இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், மனநலக் கோளாறால் ஒருவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்ற நிலையில் போலிஸ் முன்கூட்டியே தலையிட வழிசெய்கிறது. அதன் தேவை எனக்குப் புரிகிறது. அதேவேளையில், மனநலப் பிரச்சினை உள்ளவர் உதவிக்காகச் சந்திக்கும் முதல் ஆள் சீருடையில் இருப்பார் என்ற நிலை இன்னும் கூடக்கூடும். அதனால்தான் அந்த முதல் சில நிமிடங்கள் எனக்கு உறுத்துகின்றன.

இவ்வளவு ஏற்பாடுகளும் ஒரு புள்ளியில் தொங்குகின்றன: யாராவது கண்டுபிடிக்க வேண்டும், அல்லது யாராவது சொல்ல வேண்டும். கடுமையான பாதிப்பை அதிகாரி கண்டுகொள்வார். லேசான பாதிப்பு உள்ளவர் ‘ஆமாம்’ என்று ஒத்துழைப்பவராகவே தெரிவார். அதிகாரிகளுக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்று எழுதுவது எளிது, தேவைதான். ஆனால் ஆன்ட்டியிடம் அதிகாரி கேட்டாரே! நேராகக் கேட்ட கேள்விக்கே நாம் மறைத்தோம். ‘பைத்தியம்’ என்ற சொல்லை இன்றும் வேடிக்கையாகப் பேசும் சமூகத்தில் ஒரு தாய் கவுன்டரில் நின்று உரக்கச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியுமா? ‘நாம்’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று, “அண்ணனைப் பற்றி அவங்ககிட்ட சொல்லிடுங்க ஆன்ட்டி” என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் ஆன்ட்டியிடம் இதையெல்லாம் விளக்கினேன். அண்ணனின் பணப்பையில் வைக்க ஒரு சிறு அட்டை எழுதித் தரச் சொன்னார். ஆங்கிலத்தில் மூன்று வரி: இவருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு, மெதுவாகப் பேசுங்கள், இந்த எண்ணுக்கு அழையுங்கள். “தமிழிலும் எழுதவா?” என்று கேட்டேன். “வேண்டாம்மா, நம்ம ஆளுங்க யாராவது படிச்சிடுவாங்க” என்றார்.