மனப்பாடமான 'நான்'

ஏழாவது செமஸ்டர் தொடங்கியதும் பொறியியல் கல்லூரி விடுதிகளில் ஒரு பிடிஎஃப் சுற்றுக்கு வரும். அடிக்கடி கேட்கப்படும் ஐம்பது எச்.ஆர். கேள்விகள், பதில்களோடு. யார் எழுதியது, எத்தனை பேட்ச் கைமாறி வந்தது, யாருக்கும் தெரியாது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன? ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்? உங்களை நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரி ஆங்கிலம். அதை உருப்போட்டுவிட்டால் வேலை உறுதி என்று மாணவர்கள் நம்புகிறார்கள். பிளேஸ்மென்ட் ஆபீசர் நம்புகிறார். வெளியிலிருந்து வரும் டிரெய்னர் நம்புகிறார். அவர் நம்பாவிட்டால் பிழைப்பு நடக்காது. நகையை அடகு வைத்துப் படிக்கவைத்த பெற்றோரும் நம்புகிறார்கள்.

இது வெறும் வீண்வேலை என்றால் விட்டுவிடலாம். கெடுதலான வேலை என்பதுதான் என் கட்சி. அதிலும், யாரைக் கரையேற்றுவதற்காக இந்தப் பதில்கள் என்று சொல்கிறார்களோ, அந்தத் தமிழ்வழிப் பிள்ளைகளை, வீட்டின் முதல் பட்டதாரிகளைத்தான் இது அதிகமாகக் கவிழ்க்கிறது.

கேம்பஸ் டிரைவ் நடக்கும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ரெஸ்யூம் அவர் கண்ணில் படுவதே பெரும்பாலும் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதில் பாதி, அந்தத் தாளைப் படித்து முடிக்க அவருக்கு வேண்டிய அவகாசம். அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் சொல்வதில் ஏதாவது அவர் கவனத்தை இழுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பார். 'எதையும் குறையில்லாமல் செய்ய வேண்டுமென்று நினைப்பதுதான் என் பலவீனம்' என்று அன்றைக்கு எத்தனையாவது ஆளாகவோ நீங்கள் ஒப்பிக்கும்போது அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தாளில் இருக்கும் புராஜெக்டுக்குப் போய்விடுவார்.

அங்கேதான் விபத்து. "இந்த புராஜெக்ட்ல நீங்க என்ன செஞ்சீங்க?" ஐம்பதில் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவைக்க முடியாது, ஏனென்றால் செய்தவருக்குத்தான் அது தெரியும். செய்திருந்தால்தானே? சென்னையில் புராஜெக்ட் சென்டர் என்று போர்டு மாட்டிய கடைகளில் இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்போடு, கோடோடு, அறிக்கையோடு, பவர்பாயின்டோடு விலைக்குக் கிடைக்கிறது. நாலு பேர் பங்கு போட்டு வாங்கலாம். கல்லூரிக்கும் இது தெரியும். இறுதியாண்டில் தன் கையால் ஒரு பொருளைச் செய்து, அது வேலை செய்யாமல் போய், ஏன் போனது என்று ராத்திரி முழுக்கத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பிள்ளையை, கண்ணாடி முன் நின்று தன்னம்பிக்கையோடு சிரிக்கப் பழக்குகிறோம். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட மட்டும் பழகியவன் லைசென்ஸ் வாங்கிய கையோடு அண்ணா சாலையில் வண்டியை இறக்கினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் அந்த புராஜெக்ட் கேள்வியும்.

கேள்வித்தாளைப் பிடித்துவிட்டால் ஜெயித்துவிடலாம் என்ற ஆசை புதிதல்ல. 1921-ல் தாமஸ் எடிசன் வேலை கேட்டு வந்தவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் கொண்ட தேர்வு வைத்தார். தோற்றுப்போன ஒருவர் மூலம் கேள்விகள் பத்திரிகைக்குப் போய்விட்டன. அமெரிக்கா முழுக்க ஆளாளுக்குப் பதில் தேடினார்கள். எடிசன் என்ன செய்தார்? கேள்விகளை மாற்றினார். அதே ஆண்டு அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டீனிடம் அந்தத் தேர்வில் வந்த ஒலியின் வேகத்தைக் கேட்டார்கள். பாடப்புத்தகத்தில் எளிதாகக் கிடைப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார் அவர். எடிசனின் தேர்வு நல்ல தேர்வென்று நான் சொல்லவில்லை. வெளியே வந்த பதிலுக்கு மதிப்பில்லை என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் என்கிறேன்.

வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளை ஆராய்பவர்கள் வெகுநாளாகச் சொல்லிவருவதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-ல் வெளியிட்ட கட்டுரையில், கால்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே முடிவுசெய்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலே ஒருவர் பிற்பாடு எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் கணிக்கிறது என்றார்கள். 2022-ல் வேறொரு குழு அந்தக் கணக்கைத் திருத்திப் போட்டபோதும் இந்த வகை நேர்காணல்தான் முன்னால் நின்றது. ஒரே கேள்விகள் என்றதும் டிரெய்னர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அங்கே கேட்கப்படுவது 'உங்கள் பலம் என்ன' அல்ல. 'குழுவில் ஒருவர் வேலையே செய்யாதபோது என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்' என்பதுபோல, நடந்ததைக் கேட்கிறார்கள். கேள்வி ஊரறிந்ததுதான். பதில் உங்கள் வாழ்க்கையில் நடந்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் புளுக வேண்டும். புளுகினால் "அப்புறம்? அவர் என்ன சொன்னார்?" என்ற துணைக்கேள்வியில் கதை நொண்டும்.

என்னை மறுப்பவர்கள் இரண்டு பக்கத்திலிருந்து வருவார்கள். முதல் கூட்டம் சொல்வது: நேர்காணலே நாடகம், கேட்பவருக்குத் தோற்றமும் பேச்சும்தான் கணக்கு, நாடகத்துக்கு வசனம் வேண்டாமா? இதில் உண்மை இருக்கிறது. 2013-ல் வந்த ஓர் ஆய்வில், நேர்காணலுக்கு வந்த சிலர் உண்மையைப் பாராமல் ஏதோ ஒரு விதிப்படி பதில் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது தெரியவே இல்லை, எதிரில் இருப்பவரைப் புரிந்துகொண்டுவிட்டோம் என்றே நினைத்தார்கள். நேர்காணலின் பெயரில் லஞ்சமும் சிபாரிசும் நடந்ததால்தான் மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு அதையே எடுத்துவிட்டது. நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்விலும் நேர்காணல் கிடையாது. ஆகவே கேட்பவர்கள் எல்லாரும் தராசு பிடித்த நீதிமான்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நாடகம்தான் என்றாலும், கூட்டத்தில் எல்லாரும் ஒரே வசனம் பேசினால் யார் நினைவில் நிற்பார்? பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானவர்களைக் கழிப்பதும் இந்த எச்.ஆர். அறையில் இல்லை, அதற்கு முன்னால் வரும் ஆன்லைன் ஆப்டிட்யூட், கோடிங் தேர்வில். கழிக்கும் இடத்தை விட்டுவிட்டு, கடைசி அறையில் பேச வேண்டிய வசனத்துக்கு மாதக்கணக்கில் ஒத்திகை.

இரண்டாவது மறுப்புத்தான் எனக்கு முக்கியம். கிராமத்திலிருந்து வந்த பிள்ளை, பன்னிரண்டு வருடம் தமிழில் படித்தவள், ஆங்கிலத்தில் வாய் திறக்கவே நடுங்குகிறாள். நாலு வரியாவது கையில் கொடுக்க வேண்டாமா என்கிறார்கள். இரக்கத்தோடு சொல்வதால் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த நாலு வரி அவளிடமிருந்து எதை எடுத்துவிடுகிறது?

ஈ.இ.இ. படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அப்பா விவசாயி. பிடிஎஃப் அவளுக்குச் சொல்லித்தருவது: 'என் தந்தை விவசாயி, தாய் இல்லத்தரசி, என் பொழுதுபோக்கு பாட்டு கேட்பது.' அரை விநாடியில் தாண்டிப் போகவேண்டிய வரியாக அப்பா ஆகிவிட்டார். அவள் வளர்ந்த வீட்டிலோ மின்சாரம் என்பது பாடம் அல்ல, பிரச்சினை. மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வரும் என்று பார்த்துத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். ஒரு ஃபேஸ் போய், மீதி இரண்டில் கரன்ட் ஏறி, காயில் கருகி, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ரீவைண்டிங் கடைக்குப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஃபேஸ் போனால் தானாக அணைக்கிற ஸ்டார்ட்டரை மாட்டியிருப்பார்கள். வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் செல்போன் ஸ்டார்ட்டரும் வந்திருக்கும். இதையெல்லாம் கூடவே நின்று பார்த்தவள், கல்லூரியில் இன்டக்‌ஷன் மோட்டார் பாடத்தில் அதற்கான காரணத்தைப் படித்தவள். இரண்டையும் சேர்த்து இரண்டு நிமிடம் அவள் பேசினால், இலக்கணம் பத்து இடத்தில் உடைந்தாலும், எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். ஆனால் அதெல்லாம் 'புரொஃபஷனலாக' இல்லை என்று நாம்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் வீட்டுப் பையனுக்கும், அம்மாவின் மகளிர் குழுவுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே கணக்கு எழுதும் பெண்ணுக்கும் இதையேதான் சொல்லிவைத்திருக்கிறோம். நகரத்து கான்வென்ட் பிள்ளைக்கு அந்த பிடிஎஃப் பெரிய நஷ்டம் இல்லை. அதில் இருக்கும் ஆங்கிலம் அவனுக்கு ஏற்கெனவே உண்டு. அவன் அதை ஒதுக்கிவிட்டுத் தன் போக்கில் பேசுவான். இவள்தான் அதை எழுத்துப் பிசகாமல் நம்புவாள்.

தயார் செய்யவே கூடாதா? செய்ய வேண்டும். எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசும் பயிற்சி எல்லாருக்கும் வேண்டும். முதலில் தமிழில், நண்பர்கள் முன்னால், தான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி. சரியாக வந்த பிறகு அதையே ஆங்கிலத்தில், தெரிந்த சொற்களில். வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்யாமல், எந்தச் சம்பவங்களைச் சொல்லலாம் என்று மட்டும் குறித்துக்கொண்டு. யு.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 அதற்கு. கேள்விகள் பெரும்பாலும் அவரவர் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்திலிருந்தே பிறக்கும்: சொந்த ஊர், படித்த பாடம், பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் தோட்டம் என்று எழுதியவர் அந்தச் செடிகளைப் பற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அங்கேயும் மாதிரி நேர்காணல் என்ற பெயரில் வசனம் எழுதித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அதை மறைப்பானேன்.

பிடிஎஃப்பில் ஐம்பதாவது கேள்வி எப்போதும் இதுதான்: 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' அதற்கு எழுதியிருக்கும் பதில், நிறுவனத்தின் வளர்ச்சியைப் புகழ்ந்து ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறது. கேட்க வேண்டியதோ வேறு. 2022-ல் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்றில் தேர்வான பலர் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். ஒருவழியாகச் சேர்ந்தவர்களில் சிலர், 2025 பிப்ரவரியில் மைசூர் பயிற்சி வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் தேர்வில் தேறவில்லை என்று அனுப்பப்பட்டபோது, அவர்களோடு வெளியேறினார்கள். சேரும் தேதி லெட்டரில் இருக்குமா, பாண்ட் எத்தனை வருடம், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வீர்களா, பயிற்சித் தேர்வில் எத்தனை முறை வாய்ப்பு உண்டு என்று கேட்க எந்த டிரெய்னரும் சொல்லித்தருவதில்லை. மரியாதையாக, "சார், ஜாயினிங் டேட் எப்ப இருக்கும்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பல சமயம் அதுவும் மனப்பாடமாகத்தான் இருக்கும்.