தும்பிலிருந்தல்ல, குளிசையிலிருந்து தொடங்குவோம்

பனந்தும்பிலிருந்தும் மட்டையிலிருந்தும் நுண்பளிங்கு செலுலோசு எடுத்து, அதை நாமே குளிசைக்குத் துணைப்பொருளாக்கலாம் என்ற யோசனை யாழ்ப்பாணத்து மருந்தாக்கத் துறைக்கு இயல்பாகவே கவர்ச்சியானது. எடுக்கும் வழியும் மறைபொருள் அல்ல. 1955இல் அமெரிக்காவில் பற்றிஸ்ராவும் ஸ்மித்தும் கண்டதுதான் இன்றும் அடிப்படை: காரத்தால் இலிக்னினை நீக்கி, வெளுத்து, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினால் ஒழுங்கற்ற பகுதிகள் அறுந்து பளிங்குப் பகுதிகள் மிஞ்சும். ஆனால் இப்படி எடுத்த தூளெல்லாம் குளிசைக்கு உதவும் என்று கொள்ள முடியாது. பல்பகுதியாக்க அளவு 350ஐத் தாண்டக்கூடாது என்பது முதல் தரநூல் சொல்லும் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிய இரண்டு தொகுதிகள்கூட அழுத்த இயந்திரத்தில் வேறுவேறாக நடந்துகொள்ளும். துணிக்கையின் பருமன், வடிவம், ஈரம், அடர்த்தி எல்லாம் சேர்ந்தே குளிசையின் வன்மையையும் அது தண்ணீரில் உதிரும் வேகத்தையும் தீர்மானிக்கின்றன. உற்பத்தியாளர் விலை கொடுப்பது தொகுதிக்குத் தொகுதி மாறாத அந்த நடத்தைக்கே.

ஆகவே கடைசிப் படியிலிருந்து தொடங்குவதே சரி என்பது எமது நிலைப்பாடு. தரமான செலுலோசை வாங்கி, அதை இங்கே மேம்படுத்தலாம். 98 பங்கு செலுலோசுடன் 2 பங்கு கூழ்ம சிலிக்காவைச் சேர்த்து விசிறி உலர்த்தும் முறை 1990களிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. வேதியியல் மாற்றம் ஏதுமில்லாமலே தூளின் ஓட்டம் சீராகிறது. ஈரக் குறுணையாக்கத்தில் செலுலோசு வழக்கமாக இழக்கும் இறுகும் திறனும் பெருமளவு காக்கப்படுகிறது. அமிலக் கழிவு இல்லை. குடாநாட்டில் இதை ஒரு சிறிய அனுகூலமாக நினைக்கக்கூடாது. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத எமக்குச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நீரே பெரும்பாலும் குடிநீர். மேலே ஊற்றியது விரைவாகக் கீழே போய்ச் சேரும். அமிலமும் காரமும் சமப்பட்டு உப்பாகிவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். கிணறுகள் ஏற்கெனவே உவர்ப்பேறிவரும் மண்ணில் உப்புக் கழிவு எப்படி ஆறுதலாகும்? சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதை இத்துறையினர் மறக்கலாகாது.

2022இன் மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பிறகும் மூலப்பொருளை இறக்குவதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தட்டுப்பாட்டின் வேர் அந்நியச் செலாவணி. தும்பு எங்களுடையதாயினும் அதை வேகவைக்கும் காரமும் அமிலமும் இன்று கப்பலில்தான் வரவேண்டும். ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் தொழிற்சாலையைப் போர் நிறுத்திவிட்டது. அத்தகைய ஆலையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் குடாநாட்டுக்கு வெளியே அமையும் நாளில் பனை தன் இடத்தைப் பெறட்டும். அதுவரை சேகரிப்பு, துப்புரவு, தரம் பிரிப்பு ஆகியவற்றில் அனுபவம் சேர்ப்போம்.

இவ்விதழுக்குப் பனைச் செலுலோசு பற்றி அனுப்பப்படும் கட்டுரைகளில் விளைச்சல் சதவீதமும் நுண்காட்டிப் படங்களும் மட்டும் இனிப் போதா. வெவ்வேறு பருவத் தும்பில் செய்த மூன்று தொகுதிகளின் அழுத்தம்–வன்மை வரைபுகளையும், ஒரு கிலோ தூளுக்குச் செலவான நீரின் அளவையும் சேர்த்து அனுப்புமாறு கேட்கிறோம்.