சம்பள ஜப்தி: 20 ஆண்டுகளைக் கடந்தும் மாறாத ரூ.1,000 வரம்பு

புதுதில்லி: கடனைத் திருப்பிச் செலுத்தாதவரின் அனைத்து உடைமைகளையும் நீதிமன்றம் ஜப்தி செய்துவிட முடியாது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவருக்குத் தேவையான மாடுகள், விதை தானியம் ஆகியவற்றுக்கு 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. தொழிலாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் கூலிக்கும் இந்த விலக்கு உண்டு.

மாதச் சம்பளதாரர்களின் நிலை வேறு. சம்பளத்தில் முதல் ரூ.1,000, எஞ்சியதில் மூன்றில் இரு பங்கு ஆகியவை மட்டுமே பாதுகாக்கப்படுகின்றன. ஜீவனாம்ச வழக்குகளுக்கு விதி தனி. ரூ.400-ஆக இருந்த வரம்பு, 2002 ஜூலை 1 முதல் ரூ.1,000-ஆக உயர்த்தப்பட்டது. அதன்பின் மத்திய சட்டத்தில் அத்தொகை மாற்றப்படவில்லை.

இதன்படி, ரூ.16,000 சம்பளம் பெறுபவரிடமிருந்து மாதம் ரூ.5,000 வரை பிடித்தம் செய்யலாம். வரம்பு ரூ.10,000-ஆக இருந்தால் பிடித்தம் ரூ.2,000-ஆகக் குறையும். ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடித்தம் கூடாது என்பது ஓரளவு ஆறுதல். எனினும், அந்த இரண்டு ஆண்டுகளில் வாடகையும் மளிகைச் செலவும் இன்றைய விலையிலேயே செலுத்தப்பட வேண்டும். வரம்பை விலைவாசியுடன் இணைக்காதவரை, குறைந்த சம்பளக்காரருக்கு இப்பாதுகாப்பு பெயரளவிலேயே நீடிக்கும்.