முயல் யாருடையது?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முயல் வளர்க்கலாமா என்று கேட்டால், "இதிலென்ன ஐயம்? முயலைப் போலச் சாதுவான பிராணி வேறு உண்டா?" என்று திருப்பிக் கேட்பவர்களே நம்மில் மிகுதி. நாய் கடிக்கும், பூனை பிறாண்டும், கிளி கொத்தும். முயலோ பஞ்சுப் பொதி போல் ஒரு மூலையில் கிடக்கும். எனவே குழந்தைக்கு ஏற்ற துணை அதுவே என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நிலவில் முயலைக் காட்டிச் சோறூட்டப்பட்டவர்கள் நாம். ஆமையோடு ஓடித் தோற்ற முயலைப் பள்ளியில் படித்தவர்கள். முயல் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கதைதான்; விலங்கு பிறகுதான் வருகிறது.

விலங்கியல் மாணவன் என்ற முறையிலும், இரண்டு குழந்தைகளும் ஒரு முயலும் வாழும் என் அக்காள் வீட்டுக்கு விடுமுறைதோறும் சென்று வருபவன் என்ற முறையிலும், இதுபற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. குழந்தையும் முயலும் ஒரே கூரையின்கீழ் நலமாக வாழ முடியும். ஆனால் அந்த முயல் குழந்தையுடையதாக இருக்கக் கூடாது. அது வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருடைய முயலாக இருக்க வேண்டும். பிறந்த நாள் பரிசு என்று சொல்லி முயலைக் குழந்தையின் கையில் கொடுப்பது முயலுக்கும் நல்லதன்று, குழந்தைக்கும் நல்லதன்று.

முதலில் அது என்ன விலங்கு என்று பார்ப்போம். சந்தையில் கம்பிக் கூண்டுக்குள் வைத்து விற்கப்படும் முயல், நம் ஊர்ப் புதர்க்காடுகளில் பாய்ந்தோடும் முயலின் குட்டி என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. பிடரியில் கருந்திட்டுடைய நம் காட்டு முயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் வெளியிலேயே பிறக்கும். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு முயலோ ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஐபீரியத் தீபகற்பத்துக் குழிமுயலின் வழிவந்தது. உரோமமின்றி, கண் திறவாமல், வளைக்குள் பிறப்பது. ஏறத்தாழப் பத்து நாள் சென்றே அது கண் விழிக்கும். சிவந்த கண்ணும் வெள்ளை உடலுமாகக் குழந்தைகளை மயக்குகிறதே, அது பெரும்பாலும் 'நியூசிலாந்து வெள்ளை' என்னும் இனம். (பெயரில்தான் நியூசிலாந்து, உருவாக்கப்பட்டது அமெரிக்காவில்.) இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படுவது. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்துவிட்டால் 4 கிலோவைத் தொடும். மூன்று வயதுக் குழந்தை 4 கிலோ எடையைத் தூக்கி, அது திமிறும்போது விழாமல் பிடித்துக்கொள்ளும் என்று எந்தத் தகப்பனாராவது நம்புவாரா?

திமிறும் என்பதில் ஐயமே வேண்டாம். பருந்தும் நரியும் துரத்தத் துரத்தப் பிழைத்து வந்த குலம் அது. தரையிலிருந்து கால் எடுபட்டால் அதற்கு ஒரே பொருள்தான்: கொன்று தின்னப் போகிறார்கள். உடனே பின்னங்கால்களால் உதைக்கும். நம் துறை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் முயல் எலும்புக்கூட்டைப் பிற துறை நண்பர்களும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பின்னங்கால்களின் நீளத்தையும் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பின் மென்மையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். பூனையின் உடல் எடையில் எலும்பின் பங்கு 12 அல்லது 13 விழுக்காடு. முயலுக்கோ 8 விழுக்காட்டளவே. தசை வலிது, எலும்பு மெலிது. பிடித்த கை சரியாகத் தாங்காதபோது, தான் உதைத்த உதையிலேயே முயலின் முதுகெலும்பு முறிந்துவிடுவது உண்டு. முறிந்தால் பின்னுடல் செயலற்றுப் போகும். ஆறு வயதுக் குழந்தை ஆசையோடு தூக்கிக் கொஞ்சிய ஒரு நிமிடத்தில் இது நடந்துவிடலாம். பிறகு அக்குழந்தையின் நெஞ்சில் என்ன தங்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். காதைப் பிடித்துத் தூக்குவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. அந்தக் கொடுமையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மந்திரவித்தைக்காரர்கள்.

அதைவிடப் பெரிய இடர் முயலின் மௌனம். நாய்க்குப் பிடிக்கவில்லையென்றால் உறுமும், பூனை சீறும். முயல் அசையாமல் இருந்துவிடும். அச்சத்தால் உறைந்து கிடப்பதைக் கண்டு, "பாருங்கள், எவ்வளவு சுகமாகப் படுத்திருக்கிறது!" என்று நாம் மகிழ்கிறோம். மல்லாக்கப் போட்டு வயிற்றைத் தடவினால் கண் சொருகிக் கிடக்குமே, அதுவும் சுகமன்று. பகைவன் பிடியில் சிக்கிய விலங்கு செத்தாற்போல் கிடக்கும் நிலை. மற்றொன்று: முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழச் சுற்றுமுற்றும் அனைத்தையும் அது காணும். ஆனால் தன் மூக்குக்கு நேர் முன்னே இருப்பதைக் காணாது. குழந்தை கையை நீட்டுவதோ சரியாக அந்த இடத்தில். காணாத கை திடீரென மூக்கில் பட்டால் அது கடிக்காமல் என்ன செய்யும்? அப்போது, "சாதுவென்று சொன்னார்களே, கடித்துவிட்டதே!" என்று மொட்டைமாடிக் கூண்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கூண்டு என்பது முயலுக்கு மரண தண்டனை. வெயர்த்துத் தணியும் உடல் அன்று அதனுடையது. வெப்பத்தைக் காதுகளின் வழியேதான் பெரிதும் வெளியேற்ற வேண்டும். நம் மாவட்டங்களின் 40 பாகை வெப்பத்துக்குக் காது போதாது.

குழந்தைக்கு வரும் கேடுகளும் இல்லாமலில்லை. நகக் கீறல் ஒன்று. படர்தாமரை முயலிடமிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடும். இளைப்பு உள்ள குழந்தைக்கு முயல் உரோமமும் புல் தூசும் ஆகாமல் போகலாம். மின்விசிறிக் கம்பியை முயல் கொறித்துவைத்து, அதைத் தவழும் குழந்தை தொட்டால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. கையைக் கழுவுவதும் கம்பிகளை மேலே ஏற்றுவதும் பெரிய வேலையன்று. ஆனால் செய்ய வேண்டியவர் பெரியவர்.

"குழந்தைக்குப் பொறுப்பு வரட்டும் என்றுதான் வாங்கிக் கொடுத்தோம்" என்பது பெற்றோர் பலரும் சொல்லும் வாதம். அக்காள் வீட்டுத் தெருவிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுப்பாடத்தை மறந்த குழந்தைக்கு மறுநாள் ஆசிரியர் திட்டுவதோடு போயிற்று. முயலுக்குப் புல் போட மறந்தால்? முயலின் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டிய பொறி. அரை நாள் உண்ணாமல் இருந்தாலே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை. அதற்கு வாந்தியும் வராது. உள்ளே போனது முன்னோக்கித்தான் நகர வேண்டும். பல் வாழ்நாள் முழுதும் வளரும். தேய்வதற்கு நார் மிகுந்த புல் வேண்டும். படத்தில் முயலின் கையில் காரட்டை வரைந்தவர் எவரோ, அவரால் எத்தனை முயல்களின் வயிறு கெட்டதோ! காரட் அதற்கு இனிப்புப் பண்டம். என்றோ ஒரு நாள் ஒரு துண்டு போதும். அருகம்புல்லும் காய்ந்த புல்லுமே அதன் சோறு. தவிரவும், ஆட்டையும் மாட்டையும் பார்த்துப் பழகிய நம் கால்நடை மருந்தகங்களில் முயல் நோய் அறிந்தவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத நேரத்தில், குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்தில் இரண்டு சொட்டு முயல் வாயில் விடுவோரும் இருக்கிறார்கள். குழந்தைக்கு நோய் தீர்க்கும் அம்மருந்து முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதன் உயிரையே வாங்கிவிடும். இவ்வளவையும் ஆறு வயதுப் பிள்ளையின் பொறுப்பில் விடுவது பொறுப்பைக் கற்றுக்கொடுப்பதாகுமா?

காலக்கணக்கும் உண்டு. நன்றாக வளர்த்தால் முயல் 8 முதல் 12 ஆண்டு வாழும். ஐந்து வயதில் முயலைப் பெற்ற குழந்தை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போதும் அந்த முயல் புல் கேட்டுக்கொண்டிருக்கும்.

உலகக் குழந்தைகள் எல்லாரும் அறிந்த முயல் பீட்டர். அதைப் படைத்த ஆங்கிலப் பெண்மணி பியாட்ரிக்ஸ் பாட்டர், 1893இல் நோயுற்றுக் கிடந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் படம் வரைந்து எழுதிய கடிதமே பின்னர் 1902இல் நூலாக வந்தது. அந்தக் கடிதத்துக்குத் தூண்டுதலாக இருந்த உண்மையான முயல் பாட்டர் அம்மையாருடையது. அவரே பேணி வளர்த்தது. சிறுவனுக்குக் கிடைத்தது கதையும் படமும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1988இல் முயல்களுக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. முயலைக் கொல்லைக் கூண்டிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று கூறும் அச்சங்கத்தாரும், குழந்தையின் பெயரால் முயல் வாங்காதீர்கள், பெரியவரே அதைப் பேண வேண்டும் என்றே வற்புறுத்துகிறார்கள்.

அப்படியானால் குழந்தைக்கு என்னதான் பங்கு? அக்காள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அங்குள்ள முயல் அத்தானுடையது. இடம் மாறிப்போன அண்டை வீட்டார் விட்டுச்சென்றது. வெள்ளையும் சாம்பலும் கலந்தது. புல் கொண்டுவருவதும் தட்டைக் கழுவுவதும் அத்தான்தான். குழந்தைகளுக்கு அங்கே இரண்டு சட்டங்கள் உண்டு. தரையில் உட்கார்ந்தால்தான் முயல். நின்றுகொண்டு தொடக் கூடாது, தூக்கவே கூடாது. அடுத்தது, கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் மரப்பெட்டிக்குள் முயல் போய்விட்டால் அது இல்லையென்று பொருள். கை விடக் கூடாது. மூன்று வயது மருமகன் முதலில் அழுதான், அடம் பிடித்தான். இப்போது வாசலில் யார் வந்தாலும், "முயல் உள்ள போயிருச்சு, இப்ப வராது" என்று அவனே தடுத்துவிடுகிறான். ஏழு வயது மருமகள் கீரைத்தண்டோடு அசையாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் இரண்டு நிமிடம் உட்காராத பிள்ளை என்று அவள் ஆசிரியை குறை சொல்வாராம்! முயல் மெல்ல வந்து அவள் மடியில் முன்னங்கால் வைக்கும். தண்டை இழுத்துக்கொண்டு ஓடும். மகிழ்ச்சி மிகுந்தால் அந்தரத்தில் உடலை முறுக்கித் துள்ளும். பின்னங்காலால் தரையைத் தட்டினால் அது பயந்திருக்கிறது என்று பிள்ளைகள் இருவரும் அறிவார்கள். வாய் பேசாத ஒன்றின் விருப்பத்தையும் மறுப்பையும் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்த வயதில் வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்? குழந்தை உள்ள வீட்டில் பிராணியே கூடாது என்பவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான்.

ஒன்றே ஒன்று எனக்கு நெருடலாக இருக்கிறது. முயல் கூட்டமாக வாழும் விலங்கு. தனி முயலுக்கு வீட்டார் எவ்வளவு அன்பு காட்டினாலும் இன்னொரு முயலுக்கு ஈடாகாது. ஆனால் இரண்டாக வாங்கினால், "இரண்டும் பெட்டை" என்று விற்றவர் சொன்னது பொய்த்துப்போவது வழக்கம். சினை 31 நாள். குட்டி ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படும் ஆற்றல் வேறு. கருத்தடை அறுவை செய்துவிட்டால் தீர்ந்தது. அதற்குச் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற பெரிய இடத்தை நாட வேண்டியிருக்கும். அத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் விடுதி நண்பர் ஒருவர், தம் அண்ணன் மகளின் பிறந்த நாளுக்கு முயல் வாங்க எண்ணி என்னிடம் விலை விசாரித்தார். "உங்கள் அண்ணியாருக்கு முயல் பிடிக்குமா?" என்று கேட்டேன். "அவர் ஏன் விரும்ப வேண்டும்? குழந்தைக்குத்தானே?" என்றார். நான் மேலே எழுதியவற்றையெல்லாம் அன்றிரவு உணவுக்கூடத்தில் அவரிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். ஊருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தவர், அண்ணியாருக்கு எலியைக் கண்டாலே ஆகாது, முயலும் அவருக்கு எலிதான் என்றார். முயல் எலி இனமன்று, மேல்தாடை முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய பல் இணை இருப்பதே அடையாளம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். நண்பர் அதற்குள் தட்டைக் கழுவப் போய்விட்டார்.