பட்டாசுத் தொழிலாளர் உடல்நலம், கண்மாய் பராமரிப்பு: நன்கொடை பணம் ஏன் கிராமம் வரை வருவதில்லை?

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் ஒரு சின்ன தொண்டு அமைப்பு இருப்பதாக வச்சுக்குவோம். பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஒருமுறை மூச்சு, தோல் பரிசோதனை நடத்தணும். ஊர்க் கண்மாயில் சீமைக் கருவேலத்தை அகற்றி, வரத்துக் கால்வாயைத் தூர்வாரணும். இதுக்குப் பணம் யார் தருவாங்க?

தேவை இருக்கிறதா என்றால், நிச்சயமாக இருக்கு. சிவகாசியில் வெடி விபத்து நடந்தால் நிவாரணம் அறிவிக்கப்படும். ஆனால் அலுமினியப் பவுடர், கந்தகத் தூசியோடு வருஷக்கணக்கில் வேலை செய்பவர்களின் இருமலும் அரிப்பும் எந்த பிரேக்கிங் நியூஸிலும் வராது. இ.எஸ்.ஐ. இருக்கே என்று கேட்கலாம். அது பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு, அதுவும் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான். வீட்டில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டும் பெண் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

வெளிநாட்டுப் பணம்

முன்பெல்லாம் பெரிய அறக்கட்டளை ஒன்று வெளிநாட்டு நிதியை வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் திருத்தப்பட்டு அந்த வழி மூடப்பட்டது. வாங்கியவரே செலவு செய்யணும், இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தக் கட்டுப்பாடுகள் செல்லும் என்று சொல்லிவிட்டது.

பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்கவே இந்தத் திருத்தம் என்பது மத்திய அரசின் வாதம். கண்காணிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அடி வாங்கியது சின்னவங்கதான். அவர்கள் சொந்தமாகப் பதிவு பெற வேண்டுமானால், 3 ஆண்டு பழைய அமைப்பாக இருக்கணும், அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்கணும். அந்த 15 லட்சம் இருந்தால் ஏன் நிதி கேட்டு அலையப் போறாங்க?

பட்டாசு ஆலைகளே தரலாமே?

நியாயமான கேள்வி. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிடணும். இதுதான் சி.எஸ்.ஆர். தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. சுகாதாரம், சுற்றுச்சூழல் இரண்டுமே பட்டியலில் இருக்கு.

ஆனால் இந்தப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருந்தாலும், பெரும்பாலானவை சின்ன ஆலைகள். கூட்டு நிறுவனமாகவோ தனிநபர் பெயரிலோ நடக்கும் ஆலைக்கு இந்தப் பிரிவு பொருந்தவே பொருந்தாது. ஆக, தூசி இங்கே, சி.எஸ்.ஆர். பணம் வேறெங்கோ.

பெரிய கம்பெனி பணம் தர முன்வந்தாலும் சி.எஸ்.ஆர்.-1 பதிவு, வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி சான்று, 3 ஆண்டு அனுபவம் எல்லாம் கேட்பார்கள்.

வேறு வழி?

உள்நாட்டு நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. தடை இல்லை. பெங்களூருவின் அர்க்யம் அறக்கட்டளை, ரோஹிணி நிலேகணியின் சொந்தப் பணத்தில் தொடங்கப்பட்டு, தண்ணீர்ப் பணிகளுக்கு நிதி தருகிறது. இன்னொரு பாதை மதுரையின் தானம் அறக்கட்டளை 1997 முதல் காட்டுவது: களஞ்சியம் குழுக்களில் பெண்களே சேமிக்கிறார்கள், வயலகம் என்ற பெயரில் விவசாயிகளே கண்மாயைப் பராமரிக்கிறார்கள். வெளிப்பணம் நின்றாலும் குழு நிற்காது.

கண்மாய்க்கு இது பொருந்தும், தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் லாபம் தெரியும். தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்திலும் ஊர் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். ஆனால் நுரையீரல் பரிசோதனைக்கு யார் பங்கு போடுவார்கள்? தினக்கூலியில் அந்த ஒரு நாளை விடுவதே பெரிய செலவு. சூலக்கரை மாதிரி ஊர்களில் கண்மாய் வேலைக்காவது ஒரு வழி இருக்கு. பரிசோதனை முகாமுக்கு இப்போதைக்கு அதுவும் இல்லை.