ஒன்பதாவது சிறைப் பகுதி

பத்திரிகையில் எழுதுகிறவருக்கு ஆபத்து வந்தால் அவருக்குப் பின்னால் ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. ஆசிரியர் இருக்கிறார், முதலாளி இருக்கிறார், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, பத்திரிகையாளர் சங்கம் கூடிக் கண்டனத் தீர்மானம் போடும். வீட்டு மேஜையில் உட்கார்ந்து, சம்பளம் எதுவும் வாங்காமல், இண்டர்நெட்டில் தமக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு எழுதுகிறாரே வலைப்பதிவர், அவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. நள்ளிரவில் போலீசார் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனால், "ஏன்?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

அவரைப் போலவே எழுதுகிற மற்ற வலைப்பதிவர்கள்தான் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருப்பார். இரண்டு வரி பதில் போட்டிருப்பார். தமது பக்கத்தில் அதைப் பற்றிச் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் பழக்கம். இந்தப் பழக்கம் ஆபத்துக் காலத்தில் உதவுமா? எவ்வளவு தூரம் உதவும்? எதியோப்பியாவில் நடந்த ஒரு வழக்கைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

பெயர் வந்த கதை

எதியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் காலிட்டி என்று ஒரு பெரிய சிறைச்சாலை இருந்தது. எஸ்கிந்தர் நேகா, ரீயோட் அலெமு முதலிய பத்திரிகையாளர்களை அந்நாட்டு சர்க்கார் அங்கேதான் அடைத்து வைத்திருந்தது. எஸ்கிந்தருக்கு 2012-ம் வருஷம் விதிக்கப்பட்ட தண்டனை 18 வருஷம். 2009-ல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்தான் இந்தத் தண்டனைகளுக்கு ஆயுதமாயிற்று.

சிறையிலிருந்தவர்களைப் பார்த்துவிட்டு வரச் சில வாலிபர்கள் போனார்கள். சிறைச்சாலை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது அங்கே அவர்களுக்குத் தெரிய வந்தது. "அப்படியானால் மதிலுக்கு வெளியே இருக்கும் நம் தேசம் ஒன்பதாவது பகுதி" என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றிற்று. 2012 மே மாதத்தில் ஒன்பது பேர் சேர்ந்து தொடங்கிய வலைப்பதிவுக்கு அதையே பெயராக வைத்தார்கள்: "ஒன்பதாவது பகுதி."

இவர்கள் அரசியல் கட்சிக்காரர்கள் அல்ல. சட்டம் போதித்த ஆசிரியர், என்ஜினீயர், பாங்கு உத்தியோகஸ்தர் என்று சாதாரணமாக வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். அவர்கள் எழுதியது அம்ஹாரிக் மொழியில். அவர்கள் கேட்டதும் பெரிய புரட்சி ஒன்றுமில்லை. "நாட்டின் அரசியல் சட்டத்தில் எழுதியிருப்பதை அனுஷ்டியுங்கள்" என்பதுதான். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் அந்தச் சட்டத்திலேயே இருந்தன. அன்று இண்டர்நெட் தொடர்பு முழுவதும் சர்க்காரின் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. ஆகவே அந்தப் பக்கம் வெகு சீக்கிரத்தில் உள்நாட்டில் தடுக்கப்பட்டது. அவர்கள் பேஸ்புக் வழியாக எழுதலானார்கள்.

இடையில் ஏழு மாதம் வாய் மூடி இருந்துவிட்டு, 2014 ஏப்ரலில் "மறுபடியும் எழுதப்போகிறோம்" என்று அறிவித்தார்கள். சில தினங்களுக்குள், ஏப்ரல் 25, 26 தேதிகளில், அவர்களில் ஆறு பேரும் மூன்று பத்திரிகையாளர்களும் கைது செய்யப்பட்டார்கள். அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஜான் கெர்ரி அந்த நாட்டுக்கு வருவதற்குச் சில நாட்களே இருந்த சமயம் அது!

வெளியே இருந்த மூவர்

ஒருவரே எழுதும் பக்கமாக இருந்தால் அவரைப் பிடித்தவுடன் கதை முடிந்துவிடும். அவர் கைதான சங்கதியை எழுதக்கூட ஆள் இராது. இங்கே ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். கூட்டு எழுத்தின் முதல் பலன் இதில் விளங்குகிறது. உள்ளே இருப்பவர்கள் இன்னார், அவர்கள் எழுதியது இன்னது, அவர்கள் குடும்பத்தார் சொல்வது இன்னது என்று எடுத்துச் சொல்ல நம்பகமான வாய் மூன்று மிஞ்சியது.

இரண்டாவது பலன், ஏற்கெனவே ஏற்பட்டிருந்த சிநேகம். குளோபல் வாய்ஸஸ் என்று உலக வலைப்பதிவர்களின் கூட்டுறவு ஒன்று உண்டு. 2004-ம் வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் நடந்த கூட்டமொன்றில் முளைத்தது. பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத தேசங்களில் வலைப்பதிவர்கள் எழுதுவதைத் திரட்டி, மொழிபெயர்த்து, வெளியிடுவது அதன் வேலை. மொழிபெயர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தொண்டர்கள். "ஒன்பதாவது பகுதி"யைச் சேர்ந்த சிலர் இதற்கு எழுதியும் மொழிபெயர்த்தும் வந்தவர்கள். எனவே கைதுச் செய்தி வந்தபோது, "யாரோ ஆப்பிரிக்கர் ஒன்பது பேர்" என்று அது உலகத்தின் காதில் விழவில்லை. "நமது தோழர்கள்" என்று விழுந்தது.

அதன் பிறகு செய்யப்பட்ட வேலைகள் எல்லாம் சிறு சிறு வேலைகளே. அம்ஹாரிக் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகில் குறைவு. ஆகவே அவர்கள் எழுதியவற்றை மொழிபெயர்த்தார்கள். கோர்ட்டு ஒவ்வொரு தடவை கூடியபோதும் நடந்ததைக் குறித்து வைக்க ஒரு தனிப் பதிவு தொடங்கினார்கள். மே 14 அன்று பல தேசத்தவரும் ஒரே நாளில் டுவிட்டரில் இவர்களைப் பற்றியே எழுதினார்கள். சிறையிலிருந்து பெஃபெகாது ஹைலு எழுதிய கடிதங்களை வெளியே இருந்த தோழர் இங்கிலீஷில் பெயர்த்து வெளியிட்டார்.

வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போயிற்று. வாய்தா போடுவதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. முதல் நாள் கோர்ட்டு வாசலில் கூட்டம் இருக்கும். பத்தாவது தடவை நாலு பேர். இருபதாவது தடவை யாரும் இல்லை. ஜனங்கள் மறந்த பின் என்ன தீர்ப்பு வந்தாலும் சத்தம் எழாது. தேதி தவறாமல் குறித்து வைத்தவர்கள் இந்த மறதிக்கு இடம் கொடுக்கவில்லை. கைதான முதல் வாரத்தில் கூச்சலிடுவதைக் காட்டிலும் இது கடினமான தொண்டு.

சிநேகமே குற்றம்

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதம் குற்றச்சாட்டு இல்லாமலே வைத்திருந்துவிட்டு, 2014 ஜூலையில் சர்க்கார் வழக்குத் தாக்கல் செய்தது. பயங்கரவாதக் குற்றம்! அதற்கு ஆதாரமாகச் சொன்னவை எவை? வெளிநாட்டு ஸ்தாபனங்களுடன் தொடர்பு வைத்தார்கள். கம்ப்யூட்டரில் கடிதங்களைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறையைக் கற்றார்கள் என்பவை முக்கியமானவை. பத்திரிகையாளர்களும் தொண்டர்களும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள உலகெங்கும் பயன்படுத்தும் ஒரு பகிரங்கமான கையேடுகூடக் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றது.

அதாவது எந்தச் சிநேகம் அவர்களைக் காக்க முன்வந்ததோ அதுவே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றமாயிற்று. வெளியிலிருந்து உதவுகிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது. உதவுகிறவர் தம் வீட்டில் பத்திரமாக இருப்பார். உதவி பெறுகிறவர்தான் கூண்டில் நின்று அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அப்படியானால் உதவாமல் இருப்பதே நல்லதா? அப்படியும் சொல்ல முடியாது. வெளிநாட்டு நண்பர் ஒருவர்கூட இல்லாத எதியோப்பியர்களும் அதே சட்டத்தின் கீழ் சிறை சென்றார்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. எதைச் செய்தாலும் உள்ளே இருப்பவரின் குடும்பத்தையும் வக்கீலையும் கலந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து ஏற்படும் முடிவு.

விடுவித்தது யார்?

2015 ஜூலையில், இரண்டு வலைப்பதிவர்களும் மூன்று பத்திரிகையாளர்களும் திடீரென்று விடுதலையானார்கள். அதே மாதக் கடைசியில் ஜனாதிபதி ஒபாமா எதியோப்பியாவுக்கு வந்தார். மிச்சமிருந்த நால்வரில் மூவரை அக்டோபர் 16-ந் தேதி கோர்ட்டு விடுதலை செய்தது. நான்காமவரான பெஃபெகாது மீதும் பயங்கரவாதக் குற்றம் நிற்கவில்லை; வேறொரு குற்றச்சாட்டு மட்டும் பாக்கி இருக்க, அவர் ஜாமீனில் வெளிவந்தார். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் சிறையில் கழிந்திருந்தது. அதே வருஷம் நியூயார்க்கில் உள்ள பத்திரிகையாளர் பாதுகாப்புக் கமிட்டி அவர்களுக்கு சர்வதேசப் பரிசளித்துக் கௌரவித்தது.

"ஒபாமா வந்ததால் விட்டார்கள், வலைப்பதிவர்கள் எழுதியதால் அல்ல" என்று சிலர் சொல்லக் கூடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரிய விருந்தாளி வருகிறார் என்றால், அவர் கண்ணில் படக்கூடியதைத்தான் வீட்டுக்காரர் ஒளித்து வைப்பார். இந்த ஒன்பது பேரின் சிறைவாசம் விருந்தாளியின் கண்ணில் படக்கூடிய விஷயம் என்ற நிலையை உண்டாக்கியது யார்? பதினைந்து மாதம் விடாமல் எழுதினவர்கள்தான். விருந்தாளி கதவைத் தள்ளினார் என்றே வைத்துக்கொண்டாலும், கதவு எங்கே இருக்கிறது என்று காட்டியவர்கள் இவர்கள்.

எல்லைக் கோடு

இந்தத் துணைக்கும் ஓர் எல்லை உண்டு. அதே 2015-ம் வருஷம் வங்காள தேசத்தில் அதைக் கண்டோம். பிப்ரவரி 26-ந் தேதி டாக்காவில் புத்தகக் கண்காட்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவிஜித் ராய் வெட்டிக் கொல்லப்பட்டார். "முக்தோ மோனா" என்ற பதிவை நிறுவியவர் அவர். அதில் எழுதி வந்த அனந்த விஜய தாஸ் மே 12-ந் தேதி சில்ஹெட் நகரில் அதே விதமாகக் கொல்லப்பட்டார். சுவீடன் எழுத்தாளர் சங்கம் அவரை அழைத்திருந்தது; அந்த நாட்டுத் தூதராலயமோ விசா கொடுக்க மறுத்துவிட்டது. தோழர்கள் எழுதினார்கள், அழைத்தார்கள், எல்லாம் செய்தார்கள். பிரயாணச் சீட்டில் முத்திரை குத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எதியோப்பிய சர்க்காருக்கு உலகத்தில் தன் பெயரைப் பற்றிக் கவலை இருந்தது; கடனும் உதவியும் வாங்கும் சர்க்கார் அது. ஆகவே எழுத்து அதைச் சுட்டது. டாக்காவில் கத்தியுடன் வந்தவனுக்குப் பெயர் கெடும் என்ற கவலை ஏது? அங்கே தேவைப்பட்டது ஒளிந்து தங்க ஓர் ஊர். அதைக் கொடுக்கக் கூடியவை சர்க்கார்களே.

எதியோப்பியாவின் கதையும் சுபமாக முடிந்துவிடவில்லை. 2018-ம் வருஷம் எஸ்கிந்தர் உள்பட ஏராளமான அரசியல் கைதிகள் விடுதலையானார்கள். அவ்வருஷக் கடைசியில் பத்திரிகையாளர் எவருமே அந்நாட்டுச் சிறையில் இல்லை. 2020 நவம்பரில் டிக்ரே யுத்தம் மூண்டபின் மறுபடியும் பத்திரிகையாளர்கள் சிறை செல்லலாயினர். மதிலை இடித்துவிட்டோம் என்று யாரும் ஓய்ந்துவிட முடியாது.

இந்தக் கதையில் சாதாரண வாசகருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்த ஒன்பது பேரைக் காத்த சிநேகம் அவர்கள் கைதான அன்று பிறந்ததன்று. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே, யாரோ படித்து, யாரோ இரண்டு வரி பதில் எழுதி, யாரோ மொழிபெயர்த்து வைத்த சிநேகம் அது. தூர தேசத்தில் ஒருவர் தன்னந்தனியாக உட்கார்ந்து எழுதியதை நாம் இன்று படித்து வைத்தால்தான், நாளை அவர் பக்கம் வெறுமையாகக் கிடக்கும்போது, "இவர் எங்கே?" என்று கேட்க நமக்குத் தோன்றும்.